‘பல்தானே’ என்பவரிடம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எங்களுக்குப் பத்தமடை. என் கணவர் நாதஸ்வரக் கலைஞர். கோயில் கொடை விழாக்களில் நையாண்டி மேளத்தோடு வாசிப்பதுதான் பிழைப்பு. மூன்று வாரத்துக்கு முன் வீரவநல்லூரில் வாசித்துவிட்டு மாலையில் மோட்டார் சைக்கிளில் திரும்பியபோது, பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு விழுந்தது. பக்கத்துப் பல் பாதி உடைந்தது. விழுந்த பல்லைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனோம். 200 ரூபாய் வாங்கிச் சீட்டுப் போட்ட பிறகு, ‘இது போலீஸ் கேஸ்’ என்று இரத்தத்தைக்கூட நிறுத்தாமல் அனுப்பிவிட்டார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நேரம் கடந்துவிட்டதால் பல்லைத் திரும்பப் பொருத்த முடியாது என்றார்கள். போலீசில் இன்னும் புகார் கொடுக்கவில்லை. ‘பல்தானே, பத்தாயிரம் தருகிறேன், எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார் கார்காரர். ஆடிக் கொடைக்கு வாங்கிய அச்சாரம் வேறு கையில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்துப் போடவேண்டாம். ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று ஒரு வரி அதில் இருந்தால், பிறகு ஒவ்வொரு இடத்திலும் அந்த வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

‘பல்தானே’ என்று சட்டம் சொல்லவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு கொடுங்காயங்களைப் பட்டியலிடுகிறது. கண் பார்வை போவதும் கேட்கும் திறன் போவதும் இருக்கிற அதே பட்டியலில், எலும்போ பல்லோ முறிவதும் இடம் பெயர்வதும் இருக்கின்றன. அசட்டையாக வண்டி ஓட்டி ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினால், 125-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கார்காரருக்கு இது தெரிந்திருக்கும். அவருடைய அவசரத்துக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இழப்பீட்டுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, விபத்தில் கொடுங்காயம் அடைந்தவருக்கு யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. வாகன உரிமையாளரோ அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனமோ அதைத் தரவேண்டும். பத்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும், அந்த இரண்டரை லட்சத்தைக்கூட உடனே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 164-இல் பணம் வாங்கினால் 166-ஆம் பிரிவின்கீழ் முழு இழப்பீடு கேட்கும் வழி அடைபட்டுவிடும். உங்கள் கணவருடைய தொழிலுக்கு முழு இழப்பீட்டு வழிதான் பொருத்தம் என்பது என் கருத்து. ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் இதைத் தெளிவாக்கியது: உடலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் வருமானம் எவ்வளவு போகிறது என்பது வேறு. இடது கையை இழந்த தச்சருக்கும் அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கும் நேரும் இழப்பு ஒன்றாகாது என்று விளக்கியது அந்தத் தீர்ப்பு. ஒரு கடைக்காரருக்கு முன்பல் போனால் முகம் மாறும். நாதஸ்வரக்காரருக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பிடிக்கும் பிடியே மாறும், காற்று ஒழுகும். செயற்கைப் பல் வைத்த பிறகு பழைய நாதம் வருமா, எத்தனை மாதம் ஆகும் என்பதெல்லாம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கவேண்டியவை. பின்னாலிருந்து இடித்ததால், தவறு யாருடையது என்பதைக் காட்டுவதும் உங்களுக்குக் கடினமாக இருக்காது.

சட்டத்தில் இந்த முழு இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடு இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

அதற்கு முன், போலீஸ் புகாரை இந்த வாரமே கொடுங்கள். மூன்று வாரம் தாமதமானது ஏன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்: சிகிச்சைக்கு அலைந்தோம், சமாதானம் பேசுவதாகச் சொன்னதால் காத்திருந்தோம் என்று உள்ளது உள்ளபடி. நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஆவணங்களில் முதன்மையானது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். அதில் ‘வாயில் காயம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பல் விழுந்தது, எது உடைந்தது, அது புதிய காயம்தானா என்பது காயச் சான்றிதழில் வரவேண்டும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்று எதிர்த்தரப்பு சொல்வது வழக்கம். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள், செயற்கைப் பல்லுக்கு ஆகும் செலவை மருத்துவர் எழுதித் தரும் மதிப்பீடு எல்லாம் சேரட்டும். வருமானத்துக்குக் கோயில் கமிட்டிகள் கொடுத்த சீட்டுகள், கொடை நோட்டீஸ்கள், நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை இருந்தால் அது, இவை போதும்.

இனி அந்தப் பல் மருத்துவமனை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. போலீஸ் வரும்வரை சிகிச்சை காத்திருக்கக்கூடாது, அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் உயிரையும் உடலையும் பார்க்கவேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-இல். ‘போலீஸ் கேஸ்’ என்ற சொல்லால் இன்னமும் மனிதர்களை வாசலோடு திருப்பி அனுப்புவதை ஏற்கவே முடியாது. வேரோடு விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்த அரைமணி, ஒருமணி நேரம்தான் நல்ல வாய்ப்பு. அந்த நேரத்தைத்தான் அவர்கள் பறித்தார்கள்.

அந்த 200 ரூபாய்ச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் ஆகிவிட்டீர்கள். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். தமிழ்நாடு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கும், தனியார் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் புகார் அனுப்பலாம். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: ‘உடனே பார்த்திருந்தாலும் பயனில்லை, பல் ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தது’ என்று அவர்கள் வாதாடுவார்கள். நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு ஹைகிரவுண்டு சேர்ந்தீர்கள் என்பதில்தான் இந்த வழக்கு நிற்கும். இழப்பீட்டு மனுவே உங்களுக்குப் பெரியது. இதை அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்குப் பல் விழுந்தால் வேர்ப் பகுதியைத் தொடாமல், தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். துணியில் மடித்தால் காய்ந்துவிடும். சாலை விபத்து என்றால், தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் உண்டு.

அச்சாரத்தைப் பற்றி: வாசிக்க முடியாத ஊர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ‘விபத்தில் பல் போனதால் வாசிக்க இயலவில்லை, அச்சாரம் திரும்பப் பெற்றோம்’ என்று தேதி, வாசிப்புக்குப் பேசிய மொத்தத் தொகை, கமிட்டித் தலைவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இழந்த வருமானத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.