நண்பர்களிடம் வசூலித்து அதிபர் வேட்பாளருக்கு அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. அதிபர் தேர்தலில் எனக்குப் பிடித்த வேட்பாளருக்காக நண்பர்கள் பத்துப் பேரிடம் தலைக்கு 50 டாலர் வாங்கி, என் கிரெடிட் கார்டில் 500 டாலராகக் கட்டிவிடலாம் என்றிருக்கிறேன். அவர்களில் சிலர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். கோவையில் இருக்கும் அப்பாவும் "என் பங்குக்கு 5,000 ரூபாய் சேர்த்துக்கோ" என்கிறார். 200 டாலருக்குள் கொடுத்தால் பெயர் வெளியே வராது என்கிறார்களே, உண்மையா? வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: வசூலை இன்றே நிறுத்துங்கள். வாங்கிய பணம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொகை சிறிதுதான், ஆனால் உங்கள் திட்டத்துக்குள் இரண்டு தனித்தனிச் சட்ட மீறல்கள் இருக்கின்றன.

முதலாவது, பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. நம் ஊர்க் கல்யாணத்தில் வர முடியாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் மொய்க் கவரைக் கொடுத்தனுப்புவார்கள். யார் கொண்டுவந்தால் என்ன, பணம் வந்தால் சரி. அமெரிக்க மத்தியத் தேர்தல் சட்டத்தில் இந்தப் பழக்கம் செல்லாது. ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பதும், அதற்குத் தன் பெயரைப் பயன்படுத்த விடுவதும் அங்கே குற்றம். பத்துப் பேரும் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தாலும் 500 டாலரும் உங்கள் பணம் என்று பதிவானால் தவறு தவறுதான். இதே சட்டத்தில் தலைகீழாக மாட்டியவர் மும்பையில் பிறந்த அரசியல் விமர்சகர் தினேஷ் டிசூசா. 2012-இல் நியூயார்க் செனட் வேட்பாளர் ஒருவருக்குத் தான் கொடுக்கக்கூடிய உச்சவரம்பைத் தாண்ட, வேறு இருவரைக் கொடுக்கச் சொல்லி அவர்களுக்கு 20,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு மாதம் சமூகக் காவல் இல்லம், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 30,000 டாலர் அபராதம். 2018-இல் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார் என்பது வேறு கதை. உங்கள் 500 டாலருக்கு யாரும் ஜெயிலுக்கு அனுப்பமாட்டார்கள்தான். ஆனால் நாளை குடியுரிமைக்கு மனுப்போடப் போகிறவர் இந்த வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

இரண்டாவது இன்னும் கடுமையானது. வெளிநாட்டவர் பணம் அமெரிக்கத் தேர்தலுக்குள் வரவே கூடாது. அதிபர் தேர்தல் மட்டுமல்ல, ஊர் மேயர் தேர்தலுக்கும் இதே விதி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால் நீங்கள் கொடுக்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசா எதில் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. "பத்து வருஷமா வரி கட்டுறேனே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஆதங்கம்தான், நீதிமன்றம் ஏற்கவில்லை. தற்காலிக விசாவில் நியூயார்க்கில் சட்டப்படி வேலை பார்த்த ஒரு கனடா நாட்டவரும் ஒரு மருத்துவரும் இதே கேள்வியோடு வழக்குப் போட்டார்கள். புளூமன் வழக்கு என்பார்கள். 2011-இல் அது தள்ளுபடியானது. தீர்ப்பை எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் பிரெட் கவனா. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

அப்பாவின் 5,000 ரூபாய்க்கும் இதுதான் பதில். அவர் கொடுக்க முடியாது. அவருக்காக நீங்கள் வாங்கிக் கட்டினால், வெளிநாட்டவர் நன்கொடைக்குத் துணைபோன குற்றம் உங்கள் தலையில் விழும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இதில் பலரும் சறுக்குவது டீ-சர்ட் விஷயத்தில். வேட்பாளரின் பிரசாரக் கடையில் 30 டாலருக்கு ஒரு தொப்பியோ டீ-சர்ட்டோ வாங்கினால் அந்த 30 டாலர் முழுவதும் நன்கொடைக் கணக்கில்தான் ஏறும். ஆகவே எச்-1பி நண்பர் அதையும் வாங்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டராக வேலை செய்யலாம், கூட்டத்துக்குப் போகலாம். அதற்குத் தடை இல்லை.

சரியான வழி எளிது. கொடுக்கத் தகுதியுள்ள ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கார்டில், தங்கள் பெயரில் கட்ட வேண்டும். பல பிரசாரக் குழுக்கள் ஆதரவாளருக்கென்று தனி இணைப்பு ஒன்றைத் தரும். அதை நண்பர்களுக்கு அனுப்பினால், யார் மூலம் எவ்வளவு வந்தது என்று அவர்களுக்கும் தெரியும், பணமும் அவரவர் பெயரில் பதிவாகும். வீட்டில் இட்லி, காபி கொடுத்து ஒரு கூட்டம் போட்டாலும் சரி. தொண்டர் தன் வீட்டில் உணவுக்கும் அழைப்பிதழுக்கும் செலவழிப்பதில் ஒரு வேட்பாளருக்கு, ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை நன்கொடையாகக் கணக்கிடப்படாது. ஆனால் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலில் அழைப்பை அனுப்பிவிடாதீர்கள். வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் அறக்கொடை அமைப்பாகப் பதிவான சங்கங்களும் கோயில்களும் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகச் செயல்படக் கூடாது. மீறினால் வரிச் சலுகைக்கே ஆபத்து.

கம்பெனிக் கார்டைத் தொடாதீர்கள். கார்ப்பரேஷனாகப் பதிவான நிறுவனம், நீங்கள் ஒருவரே முதலாளியாக இருந்தாலும், வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் இருந்து காசோலை கொடுத்தால், கையெழுத்துப் போட்டவர் கொடுத்ததாகவே கொள்வார்கள். ரொக்கமாக என்றால் 100 டாலருக்கு மேல் கூடாது. உச்சவரம்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை: 2025–26 காலத்துக்கு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தல் ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படும். ஒற்றைப்படை ஆண்டுகளில் பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகை மாறும்.

இனி பெயர் விவகாரம். ஒருவர் கொடுத்தது மொத்தம் 200 டாலரைத் தாண்டினால், பிரசாரக் குழு அவர் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாவற்றையும் ஃபெடரல் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். அதற்குள் என்றால் பெயர் தேவையில்லை. நீங்கள் கேள்விப்பட்டது இதுவரை சரி. ஆனால் இன்று சிறு நன்கொடையில் பெரும்பகுதி ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சிப் பக்கம் வின்ரெட் என்ற தளங்கள் வழியாகப் போகிறது. இவை இடைத்தரகர்கள் என்பதால் 5 டாலர் கொடுத்தாலும் பெயரோடு கணக்குக் காட்ட வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம், மேலாளர் உட்பட. அந்தப் பட்டியலை எடுத்து வியாபாரத்துக்கோ வேறு வசூலுக்கோ பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. படிக்கத் தடை இல்லை.

வரிக்கழிவு கிடையாது, ஒரு டாலருக்குக்கூட. வரிப் படிவத்தில் அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் ஒதுக்கலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்தால் உங்கள் வரி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. வேட்பாளர் இந்த அரசு நிதியை வாங்கினால் அவர் செலவுக்கு வரம்பு வரும். அதனால் 2008-இல் ஒபாமா பொதுத்தேர்தலுக்கான அந்தப் பணம் வேண்டாம் என்றார். எதிர்த்து நின்ற மெக்கெய்ன் வாங்கிக்கொண்டார், 8.4 கோடி டாலர். அதற்குப் பிறகு பெரிய கட்சி வேட்பாளர் எவரும் வாங்கவில்லை. சிறு நன்கொடையாளரைத் தேடி இவ்வளவு குறுஞ்செய்திகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தலை எண்ணிக்கை. 2019-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்கள் முதல் விவாத மேடை ஏற ஒரு வழி, 65,000 நன்கொடையாளர்களைக் காட்டுவது. 2023-இல் குடியரசுக் கட்சி 40,000 கேட்டது. அந்த எண்ணிக்கையை எட்ட வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம், ஒரு டாலர் கொடுத்தால் 20 டாலர் கிஃப்ட் கார்டு தருகிறேன் என்று அறிவித்தார்! மேடையும் ஏறிவிட்டார். ஆகவே பத்துப் பேர் பணத்தை ஒரே பெயரில் அனுப்பினால் வேட்பாளருக்கும் நஷ்டமே. கணக்கில் ஒரு தலைதான் ஏறும்.

கட்டும்போது திரையில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 'மாதாமாதம்' என்ற பெட்டி ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கிறதா? 2020-இல் டிரம்ப் தரப்பு திருப்பிக் கொடுக்க நேர்ந்த இணைய நன்கொடை 12 கோடி டாலரைத் தாண்டியதற்கு இந்தப் பெட்டிகள் ஒரு பெரிய காரணம். அடுத்த ஆண்டு ஆணையம் ஒருமனதாக, இதைத் தடை செய்யுங்கள் என்று நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. இன்னொன்று, அடியில் இருக்கும் சிறிய எழுத்து. பணம் நேரே வேட்பாளரின் குழுவுக்குப் போகிறதா, கட்சியோடு பங்கிடும் கூட்டுக் குழுவுக்கா, அல்லது அவருக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாகச் செலவழிக்கும் 'சூப்பர் பாக்' என்ற குழுவுக்கா என்று அங்கேதான் இருக்கும். "இன்று கொடுத்தால் ஐந்து மடங்காக்குவோம்" என்ற செய்தியை நான் நம்புவதில்லை. தனிநபருக்கு 3,500 டாலர்தான் வரம்பு என்றிருக்க, லட்சக்கணக்கானவர்களின் பணத்தை ஐந்து மடங்காக்கும் அந்தப் புண்ணியவான் யார்?

எச்-1பி நண்பர் யாராவது ஏற்கெனவே தன் கார்டில் கட்டியிருந்தால், பிரசாரக் குழுவின் பொருளாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, தான் கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கட்டும். தெரியவந்த 30 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். கட்டும்போது "நான் குடிமகன் அல்லது நிரந்தரவாசி" என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தால், பணம் திரும்பினாலும் விட்டுவிடாமல் அடுத்த குடிவரவு மனுவுக்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடச் சொல்லுங்கள்.