நீந்துறதும் மிதக்குறதும் ஒண்ணா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எழுதும்போது நீந்தினான், பேசும்போது நீஞ்சினான். எது சரி?

ரெண்டும் ஒரே சொல்தாங்க. பேச்சுல நீஞ்சுன்னு ஆகிடுச்சு, அவ்ளோதான். பிள்ளைங்க நீஞ்சுறேன்னு சொன்னா தயவுசெஞ்சு திருத்தாதீங்க, பரீட்சையில மட்டும் நீந்தினான்னு எழுதட்டும்.

கேள்வி: மிதக்குறது, நீந்துறது, முங்குறது, முக்குளிக்கிறது எல்லாத்தையும் மாத்தி மாத்தி எழுதலாமா?

கூடாது, ஒவ்வொண்ணுக்கும் தனி வேலை இருக்கு. மிதக்குறதுக்கு உயிரே வேணாம், கட்டைகூட மிதக்கும். ஆனா நீந்தணும்னா கை காலை அடிச்சு தண்ணிய தள்ளிக்கிட்டு முன்னால போகணும், பழைய தமிழ்ல நீந்துன்னா கடக்குறதுன்னே பொருள் உண்டு, பிறவிக் கடலை நீந்துறதுன்னு 10வது குறள் சொல்றது அந்தப் பொருள்லதான், 1167வது குறள்ல ஒரு பொண்ணு காமங்கிற வெள்ளத்துல நீந்தியும் கரையக் காணலையேன்னு தவிக்கிறா, அந்த இடத்துல மிதந்துன்னு போட்டுப் பாருங்க, அவ பட்ட பாடே காணாமப் போயிடும். முங்குறது நாமளா தண்ணிக்குள்ள போறது, மூழ்குறது நம்ம கைய மீறியும் நடக்கும், அதனாலதான் கப்பல் மூழ்கிடுச்சுன்னு சொல்றோம். முக்குளிக்கிறதுன்னா உள்ள போயி மேல வரணும், முக்குளிப்பான்னு ஒரு நீர்ப்பறவைக்கே பேரு இருக்கு, தண்ணிக்குள்ள போயி மீன் பிடிக்கிறது அது. எனக்கு ரொம்பப் பிடிச்சது குளி. இப்ப சோப்பு போட்டுக் குளிக்கிறது மட்டும்தான் ஞாபகம் வருது, ஆனா அதுக்கு உள்ள இறங்குறதுன்னும் பொருள் இருக்கு, முத்துக்குளிக்கிறதுன்னு சொல்றோமே அது இதுதான், அம்பு உடம்புல தைச்சு உள்ள போறதக்கூட குளிச்சதுன்னு பழைய பாட்டுல எழுதியிருக்காங்க.

கேள்வி: ஃப்ரீஸ்டைலுக்கு தமிழ்ல என்ன? தவளை நீச்சல் மாதிரி ஏதாவது இருக்கா?

ஃப்ரீஸ்டைல் ஒரு நீச்சல் முறையே இல்லங்க, அது போட்டியோட பேரு. எந்த முறையிலயும் நீந்தலாம்னு அர்த்தம், அதனால தனித்துவப் பேரு தேடாம விருப்ப நீச்சல்னு சொன்னா போதும். எல்லாரும் கைய மாத்தி மாத்தி வீசிப் போற கிரால் முறையையே எடுத்துக்கிறாங்க, அதுதான் வேகமானது. மல்லாக்க நீச்சல், தவளை நீச்சல், பட்டாம்பூச்சி நீச்சல் மூணும் முறையோட பேருங்க. பட்டாம்பூச்சி முன்னாடி தவளை நீச்சலோட சேர்ந்தே இருந்துச்சு, ஒலிம்பிக்ல தனிப் போட்டியா வந்தது 1956 மெல்போர்ன்ல. ஒரே ஒரு இடத்துல விருப்பத்துக்கு கட்டுப்பாடு உண்டு: மல்லாக்க, தவளை, பட்டாம்பூச்சி, ஃப்ரீஸ்டைல்னு நாலும் ஒரே போட்டியில வர்ற மெட்லியில, ஃப்ரீஸ்டைல் பகுதி வரும்போது மத்த மூணு முறையிலயும் நீந்தக்கூடாது.