ரெமிங்டன் 1100, 24 கிராம் தோட்டாவில் மட்டும் சிக்குவது பற்றி

உங்கள் ரெமிங்டன் 1100 செமி-ஆட்டோ ஷாட்கன், குண்டு எடை 28 கிராம் உள்ள தோட்டாவில் ஒழுங்காகச் சுடுகிறது, 24 கிராமில் காலித் தோட்டா வெளியே வராமல் சிக்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள, வெடிமருந்திலிருந்து வரும் கேஸ் போதவில்லை.

முதலில் ஓ-ரிங்கை, அதாவது கேஸ் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பேரலுக்குக் கீழே கை பிடிக்கும் ஃபோர்எண்டைக் கழற்றி, பேரலை எடுத்ததும், தோட்டாக்கள் இருக்கும் மேகசின் குழாயில் பிஸ்டனுக்கு முன்னால் கறுப்பாக இருக்கும். நகத்தால் லேசாக இழுத்துப் பாருங்கள். வெடிப்போ, தட்டையாகிப்போன இடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அப்புறம் அந்தக் குழாயில் படிந்த கரியைச் சுத்தமாகத் துடையுங்கள். எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம், சூட்டில் அது கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில், தோளில் வைக்கும் ஸ்டாக்குக்குள் இருந்து போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். அதைத் துப்பாக்கி கிளப்பில் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் காட்டுங்கள்.

பேரலில் கேஸ் வெளிவரும் துளையைப் பெரிதாக்கச் சொன்ன நண்பரின் யோசனை வேண்டவே வேண்டாம். பிறகு கனமான தோட்டா போட்டால் போல்ட் முரட்டுத்தனமாக மோதும், துளையைத் திரும்பச் சிறிதாக்கவும் முடியாது.

இணையத்தில் பாகம் வாங்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கிப் பாகம் தருவித்தால் பெரிய வம்பு. சின்ன ரிங்காக இருந்தாலும் சரி, கிளப் வழியாகவே கேளுங்கள்.