பழைய வேன் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகும் கேம்பராக மாற்ற ஆசை. எந்த வண்டி வாங்கலாம், என்ன பார்த்து வாங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: பழைய டெம்போ டிராவலர் எடு, சீட்டைக் கழற்று, கட்டில் போடு. நான் வேறு சொல்கிறேன். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்றால் (நீங்கள் அப்படித்தான் என்று நினைத்து எழுதுகிறேன்) மாருதி ஈக்கோ ஐந்து சீட்டர் தேடுங்கள். வெள்ளை போர்டு, பெட்ரோல். நாங்கள் அதில்தான் போய் வருகிறோம். "அதெல்லாம் கேம்பரா?" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

டிராவலர் மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. பழைய மெர்சிடிஸ் வேனின் வழியில் வந்த வண்டி அது. இடம் தாராளம், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கம். சிக்கல் ஆர்சியில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆர்சியில் 13 சீட், உள்ளே நான்கு சீட்டும் கட்டிலும் என்றால் அது வேறு வண்டி. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் சகோதரர்கள் இருவரின் மாற்றியமைத்த டிராவலரை மோட்டார் வாகனத் துறை பிடித்ததும், அலுவலகத்திலேயே தகராறாகி அவர்கள் கைதானதும் நினைவிருக்கும். மோட்டார் கேரவன் என்று தனி வகையும், அதற்கு ஏஐஎஸ் 124 என்ற தர விதியும் உண்டு. முறையாக அந்த வழியில் போகப் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும், அவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

"எங்க ஊர்ல யாரும் நிறுத்திக் கேக்கறதில்லை" என்று சிலர் சொல்வார்கள். ரோட்டில் நிறுத்துகிற போலீஸைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. விபத்து நடந்த பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் உள்ளே கட்டிலைப் பார்த்துவிட்டு என்ன எழுதுவார் என்பதுதான் கவலை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அந்தத் துணிச்சல் எனக்கு வராது.

ஈக்கோவில் ஐந்து சீட் அப்படியே இருக்கும். பின் சீட்டுக்குப் பின்னால் காலி இடம். அங்கே நான் வைத்திருப்பதெல்லாம் லக்கேஜ்: இரண்டு பிளைவுட் பெட்டிகள், மடக்குப் பலகை, மெத்தை, பட்டையால் இறுக்கிய தண்ணீர் கேன்கள். ஒரு ஆணிகூட வண்டியில் அடிக்கவில்லை. இரவில் பின் சீட்டை மடக்கி, முன் சீட்டுகளை முன்னால் தள்ளிப் பலகையை விரித்தால் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாகப் படுக்கை கிடைக்கும். மனைவியும் பிள்ளைகளும் உள்ளே, நான் டிக்கிக் கதவோடு கட்டிய கூடாரத்தில். வண்டியின் நீளம் 3,675 மில்லிமீட்டர்தான். கோயில் சந்து, மலை ரோடு, வீட்டு போர்ட்டிகோ எல்லாவற்றிலும் நுழைகிறது.

இனி வாங்கிய கதை. கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணனைக் கூடவே கூட்டிப் போனேன். அரை நாள் கூலியும் சாப்பாடும். இந்தச் செலவில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

திருப்பூரில் புரோக்கர் காட்டிய முதல் வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது, விலையும் குறைவு. ஆர்சியை வாங்கிப் பார்த்தால் ஈக்கோ கார்கோ. இரண்டே சீட்டோடு சரக்கு வண்டியாகப் பதிவானது. பின்னால் சீட்டை வெளியே வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். குடும்பத்தை அதில் ஏற்றுவதே குற்றம். "பேப்பரெல்லாம் மாத்திக்கலாம் சார்" என்றார் புரோக்கர். மாற்றிக் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம், கூப்பிடவில்லை.

இன்னொன்று ராமநாதபுரம் பதிவு எண். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, மெல்லிய துணி சுற்றிப் பின் சக்கர வளைவில் வைத்தார். கீழே விழுந்தது. நகர்த்தி வைத்தார், மறுபடியும் விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தரையின் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ஓரமெல்லாம் உப்புப் பூத்த துரு. மீன் பெட்டி ஏற்றிய வண்டி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் தகட்டு மடிப்புக்குள் இறங்கிவிட்டால், மேலே எதைப் பூசினாலும் அரிப்பு நிற்காது. "இது வேண்டாங் கண்ணு. இன்ஜின் போனா மாத்தலாம், தகடு போனா என்னத்த மாத்தறது?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கொடுத்த கூலி தகும்.

ஸ்லைடிங் கதவின் கீழ்த்தடம், டிக்கிக் கதவின் அடி விளிம்பு, பின் சக்கர வளைவு, மேட்டுக்குக் கீழே தரை. இந்த நான்கு இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் இன்ஜினைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்சுருளில் சேற்றுக் கறை இருக்கும். 2015-லும் 2023-லும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம்.

நாங்கள் வாங்கியது கோபிசெட்டிபாளையத்தில். வீட்டுப் பெரியவர் குலதெய்வக் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் போக வைத்திருந்தார். அவர் காலமான பிறகு ஓட்ட ஆளில்லாமல் கொட்டகையில் நின்றது. "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ஈக்கோவில் இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி அண்ணன் கையை வைத்துப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறது என்று தலையாட்டிய பிறகே சாவி போட்டோம். ஆயில் எரிந்தால் வரும் நீலப் புகை இல்லை. கேரியர் கட்டிய வண்டி இல்லை என்பதால் மேற்கூரையில் ஓட்டையோ ஒழுகலோ இல்லை. ஐந்து டயரும் பழசு, பேட்டரி சாகும் நிலையில் இருந்தது. இரண்டையும் விலையில் கழித்துக்கொண்டோம்.

ஆனால் ஆர்சி இறந்தவர் பெயரில் இருந்தது. இங்கேதான் பல பேர் "அவர் கையெழுத்தை நாங்க பாத்துக்கறோம்" என்ற புரோக்கர் பேச்சில் விழுகிறார்கள். விழவே கூடாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் படிவம் 31-இல் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். பிறகு அவர் படிவம் 29, 30-இல் நமக்கு மாற்றித் தர வேண்டும். பழைய கடன் வேறு ஆர்சியில் நின்றது. கட்டி முடித்த கடன்தான், ஆனால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் கொடுத்து யாரும் அதை நீக்கவில்லை. அந்த வீட்டு அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் செய்துகொடுத்தார். நாங்களும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆர்சி சுத்தமாகக் கைக்கு வந்த அன்றைக்குத்தான் மீதிப் பணம்.

சிஎன்ஜி மலிவு என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: சிலிண்டர் பின்பக்க இடத்தை அடைத்துவிட்டால் படுக்கை எங்கே போடுவீர்கள்? வெளிக்கடையில் பொருத்திய கிட் என்றால் ஆர்சியில் ஏறியிருக்கிறதா, மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் சோதனை நடந்திருக்கிறதா என்று அதையும் துருவ வேண்டும்.

மின்சாரத்துக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று. கணக்குப்படி 1,280 வாட் ஹவர். இரண்டு சின்ன ஃபேன், விளக்கு, போன் சார்ஜுக்கு ஒரு இரவுக்கு மேலேயே வருகிறது. வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்துப் போகிறோம், வண்டியின் ஒயரை வெட்டவே இல்லை. சமையல் எப்போதும் வெளியேதான். மழை பெய்தாலும் தார்ப்பாய் கட்டி வெளியேதான். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மூடிய வண்டியில் அடுப்பு வேண்டவே வேண்டாம். வண்டி ஓடும்போது பிள்ளைகளைப் படுக்கையில் படுக்க வைத்து வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. 14 வயதுக்குள் பட்ட பிள்ளைக்கு பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள், ஒரு பிரேக் போதாதா?

"இந்தக் காசுக்கு நல்ல லாட்ஜிலேயே தங்கலாமே" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். தங்கலாம். ஆனால் மேகமலை அடிவாரத்தில் ஒரு தோட்டக்காரர் அனுமதியோடு நிறுத்திவிட்டு, விடியற்காலையில் டிக்கியைத் திறந்து வைத்து என் பெண் மலையைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கியதை எந்த லாட்ஜ் தரும்? காசுக் கணக்கு போட்டு நாங்கள் இதை வாங்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் அடுக்குமாடிச் சங்கத்தில், இந்த வண்டியைக் கீழே நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் போடப் பார்த்தார்கள். "லோடு வண்டி மாதிரி இருக்கு, வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்தே பேசினார். பதிவு சொந்த உபயோகம், இடம் என் பத்திரத்தில் உள்ள பார்க்கிங். அதே வரிசையில் இரண்டு வண்டி இடத்தை அடைத்து நிற்கும் பெரிய எஸ்யூவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பால்காரரும் காய்கறிக்காரரும் ஓட்டுகிற வண்டி என்பதாலேயே ஒரு வண்டிக்கு மரியாதை இல்லையென்றால், அந்த மனிதர்களை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. பத்திர நகலோடு எழுத்தில் பதில் கொடுத்தேன், இப்போது பேச்சில்லை. அடுக்குமாடியில் இருந்தால் நீங்களும் பத்திரத்தை எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகுமுன் பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுக் கடன், இன்சூரன்ஸ் நிலவரம் பாருங்கள். நிலுவை சலானையும் பாருங்கள். நேரில் சேஸிஸ் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். தேய்க்க விடாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். வாங்கியபின் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம், 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றக் கடிதம். அதற்கு முன்னால் பெட்டி செய்யத் தச்சரைக் கூப்பிடாதீர்கள்.