ரேடான் குளியலுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: ப்ராக் நகரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 62 வயது, பல வருடமாக முடக்குவாதம். செக் நாட்டின் யாகிமோவ் ஊரில் கதிரியக்கத் தண்ணீரில் குளித்தால் வலி குறையும் என்கிறார்கள். மூன்று வாரம் கூட்டிப் போகலாமா? புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போகலாம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

யாகிமோவ் விளம்பரத்துக்காகக் கதிரியக்கம் பேசும் ஊர் அல்ல. 1898-இல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்தது இந்த ஊர்த் தாதுவில்தான். 1906 முதல் குளியல் சிகிச்சையும் நடக்கிறது. ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்தில் சுமார் 500 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் வருகிறது.

அதில் கரைந்திருப்பது ரேடான் என்ற கதிரியக்க வாயு. தொட்டியில் சுமார் 20 நிமிடம் அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். தண்ணீரைக் கலக்கினால் வாயு பறந்துவிடும், கொடுத்த காசும் அதோடு போச்சு! தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் ரேடானில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மூச்சிலேயே வெளியேறிவிடும். கதிரியக்க உலோகமான ரேடியம் அப்படியில்லை, எலும்பில் போய்த் தங்கிவிடும். அமெரிக்காவில் ரேடியம் கலந்த பானத்தை மருந்தென்று குடித்துவந்த எபென் பயர்ஸ் 1932-இல் இறந்தது அதனால்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதற்காக ரேடான் சாது என்றும் நினைக்காதீர்கள். யாகிமோவ் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது வருடக்கணக்காக அதைச் சுவாசித்ததால்தான். மூன்று வாரக் குளியலில் சேரும் அளவு அதோடு ஒப்பிட்டால் சொற்பம், ஆனால் பூஜ்யம் அல்ல. புகைபிடிப்பவராக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பலன் உண்டா? ஜெர்மனியின் பாட் பிராம்பாக்கில் முடக்குவாதம் உள்ள 60 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரேடான் கலந்த குளியலும், மற்றதற்கு ரேடான் இல்லாத குளியலும் கொடுத்தார்கள். 2000-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை முடிந்தபோது இரு பிரிவுக்கும் வலி ஒரே மாதிரி குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் ரேடான் பிரிவு மேலாக இருந்தது. சின்ன ஆய்வு. வலி சில மாதம் தணியலாம் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது. மூட்டு சிதைவதைத் தடுப்பது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளே.

அம்மாவுக்குப் புற்றுநோய் இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ இந்தக் குளியல் வேண்டாம். இல்லையென்றால் மருந்துச் சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவுகள் இரண்டையும் கையோடு கொண்டுபோய், முதல் குளியலுக்கு முன்பே அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.