அண்ணனின் இதயம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீக்கேயின் 'ஃபுல் மெட்டல் யாகுசா' படத்தைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். ரோபோகாப் என்ற ஹாலிவுட் படத்தை மலிவாகக் காப்பியடித்த வீடியோ படம், அவ்வளவுதான். அந்த இரும்புக் கவசம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது. இதில் அப்படி என்ன பார்த்தீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

காப்பிதான். 1987இல் ரோபோகாப் வராவிட்டால் 1997இல் இந்தப் படம் வந்திருக்காது. கவசம் மட்டமாக இருப்பதும் சரி. 1989இல் தோயே திரைப்பட நிறுவனம் 'வி-சினிமா'வைத் தொடங்கியபின் வீடியோ கடைகளுக்காகவே ஜப்பானில் சின்னப் பட்ஜெட் படங்கள் நிறைய வந்தன, அந்த வரிசைதான் இதுவும். 'ஆடிஷன்' என்ற திகில் படம் வழியாக வெளிநாட்டில் பெயர் வாங்குவதற்கு முன் மீக்கே அங்கேதான் படம் படமாக எடுத்துத் தள்ளினார்.

ஆனால் கதையைப் பாருங்கள். ரோபோகாப்பில் செத்துப்போவது ஒரு நல்ல போலீஸ்காரர், இயந்திர மனிதனாக்கப்பட்டபின் தன் பழைய நினைவுகளை அவர் மீட்டுக்கொள்கிறார். இங்கே கெய்சுகே ஒரு கோழை, அடியாளாக இருக்கவே லாயக்கில்லாதவன். தோசா என்ற தாதாவைத் தெய்வமாக நினைக்கிறான். தோசா சிறையிலிருந்து வெளியே வந்ததும் இருவரையும் சேர்த்தே கொன்றுவிடுகிறார்கள். விஞ்ஞானி ஒருவர் கெய்சுகேயின் மூளையையும் தோசாவின் இதயத்தையும் பச்சை குத்திய உடம்பையும் இரும்போடு சேர்த்து ஒரே ஆளாக்குகிறார். அண்ணனுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று எத்தனை யாகுசா (ஜப்பானிய தாதாக் கும்பல்) படங்களில் வசனம் பேசியிருப்பார்கள், மீக்கே அந்த விசுவாசத்தை அப்படியே சதையாக்கிவிட்டார்! ஏங்கிய வீரம் கெய்சுகேக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் அதில் தன்னுடையது எவ்வளவு என்பது அவனுக்கே தெரியாது. எனக்கு இந்தப் படம் பிடித்ததற்கு இந்த ஒரு யோசனை போதும், கவசம் எதில் செய்திருந்தால் என்ன?

அப்புறம், அந்த விஞ்ஞானியாக வருகிற தொமொரோவோ தகுச்சிதான் ஷின்யா த்சுகமோட்டோ இயக்கிய 'டெட்சுவோ' படத்தில் உடம்பு முழுக்க இரும்பாகிப்போகும் அலுவலக ஊழியர். அங்கே தான் இரும்பானவர் இங்கே இன்னொருவனை இரும்பாக்குகிறார். அதைத் தெரிந்துகொண்டு ஆய்வுக்கூடக் காட்சிகளை இன்னொரு முறை பாருங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது யுகாரி விஷயத்தில்தான். அவள் தோசாவின் பழைய காதலி. அவன் இதயத்தோடு அவள் முன்னால் வந்து நிற்பவன் கெய்சுகே, அவளைப் பார்த்ததும் எழும் அன்பு இருவரில் யாருடையது என்று படம் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, பழிவாங்கக் காரணம் வேண்டுமென்று அவளைக் கொடூரமாகச் சிதைக்கிறார்கள். பட்ஜெட் இல்லை என்று அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

அன்புடன்.