வென்ற பிறகு நிதானம் வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மேடையில் இனவெறுப்பைக் கிளப்பிப் பேசுகிறவர்கள், பதவிக்கு வந்ததும் அடங்கிவிடுவார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: இலங்கைத் தமிழர்களில் சிலர் 1956-இல் அப்படித்தான் நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. அந்த ஆண்டு பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1951-இல் அவர் தொடங்கிய ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, சிங்களம், தமிழ் இரண்டையுமே ஆட்சிமொழியாக்கச் சொன்னது. அதே மனிதர்தான் ‘24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும்’ என்று முழங்கி, ஏப்ரல் 1956 தேர்தலில் 95 இடங்களில் 51-ஐத் தம் அணிக்கு வென்று தந்தார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா ஜூன் 5 அன்று வந்துவிட்டது. அன்று காலிமுகத் திடலில் அமைதியாக உட்கார்ந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் அடித்து நொறுக்கியது. தலைவர் உள்ளூர நல்லவரா என்ற ஆராய்ச்சியால் யாருக்கும் பயனில்லை. அவரை ஏற்றிவிட்டவர்கள் யார், அவர்கள் எதைக் கேட்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: 24 மணி நேரத்தில் நடந்ததா?

பதில்: இல்லை. சட்டம் நிறைவேறவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முழுதாக நடைமுறைப்படுத்த 1960 டிசம்பர் 31 வரை அவகாசமும் சட்டத்திலேயே இருந்தது.

கேள்வி: பண்டாரநாயக்க பிறகு தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் சமரசம் செய்துகொண்டார் அல்லவா? அது ஏன் நிலைக்கவில்லை?

பதில்: இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது இந்தக் கட்டம்தான். ஜூலை 1957-இல் கையெழுத்தான ஒப்பந்தம் பெரிதாக எதையும் கொடுத்துவிடவில்லை. பிரதேச சபைகள், வடக்கு, கிழக்கில் நிர்வாகத்துக்குத் தமிழ், அவ்வளவே. தனிச் சிங்களச் சட்டம் அப்படியே இருந்தது. அதைக்கூடப் பொறுக்காமல், எதிர்க்கட்சியின் ஜே.ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். பண்டாரநாயக்கவைப் பதவிக்குக் கொண்டுவந்தவர்களிலேயே பலர் எதிர்த்து நின்றார்கள். ஏப்ரல் 9, 1958 அன்று பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் அவர் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் செல்லாது என்று எழுதிக் கொடுத்தால்தான் எழுவோம் என்றார்கள். நாட்டின் பிரதமர் எழுதிக் கொடுத்தார். மே மாதம் தமிழர் வீடுகள் எரிந்தன. 1959 செப்டம்பரில் அதே வீட்டில் ஒரு பிக்கு அவரைச் சுட்டார். அந்தச் சதிக்காகத் தண்டனை பெற்றவர்களில், 1956-இல் அவருக்காக ஊர் ஊராக வாக்குத் திரட்டிய களனி விகாரையின் தலைமைப் பிக்குவும் ஒருவர்.

பண்டாரநாயக்கவுக்குத் திரும்பிவர மனம் இருந்தது என்றே நினைக்கிறேன். மேடையில் அவரே எழுப்பிவிட்ட கூட்டம் விடவில்லை.

கேள்வி: டிரம்ப் சொன்னதில் எவ்வளவோ நடக்கவில்லையே?

பதில்: எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். 2017-இல் பதவியேற்ற ஒரே வாரத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை போட்டார். அதற்கு அவர் கையெழுத்து மட்டும் போதும். நீதிமன்றங்கள் நிறுத்தின, திருத்தி எழுதிய மூன்றாம் வடிவத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஏற்றது. எல்லைச் சுவருக்கு மெக்சிகோ பணம் தரும் என்றது நடக்கவில்லை. அது இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கும் பணம்.

கேள்வி: இலங்கையில் நீதிமன்றம் தடுத்திருக்க முடியாதா?

பதில்: ஒரு தமிழ் அரசு எழுத்தர் முயன்றார். சிங்களத் தேர்வு எழுத மறுத்ததால் 1962-இல் அவருடைய ஊதிய உயர்வு நின்றது. ‘கோடீஸ்வரன் வழக்கு’ என்பது அதுதான். 1964-இல் மாவட்ட நீதிமன்றம், தனிச் சிங்களச் சட்டமே செல்லாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமோ மொழிப் பிரச்சினையைத் தொடாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடவே முடியாது என்று தள்ளியது. போட முடியும் என்று, அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1969-இல் சொன்னது. சட்டம் செல்லுமா என்பதை அதுவும் தீர்மானிக்கவில்லை. 1972-இல் புதிய அரசியலமைப்பே சிங்களத்தை ஆட்சிமொழி என்று எழுதிக்கொண்டது.

கேள்வி: பின்னால் வந்தவர்கள் திருத்தவில்லையா?

பதில்: திருத்தினார்கள், மிகத் தாமதமாக. தமிழைப் பயன்படுத்த 1958-இல் ஒரு சட்டம் வந்தது; அதற்கான விதிகள் வர 1966 ஆயிற்று. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் சொன்னது 1987-இல். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போர் தொடங்கிவிட்டது.